ஒரு மைனஸ் குறியின் கதை

1973-ஆம் வருடம், ஏப்ரல் மாதம். அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் இரண்டு பேரும் ஹார்வர்டில் ஒருவரும் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கம் பக்கமாக நீளும் கணக்கு. ஆனால் அவர்கள் ஆவலோடு எதிர்பார்த்தது விடையின் அளவைக்கூட இல்லை. அதன் முன்னால் பிளஸ் வருமா, மைனஸ் வருமா என்பதைத்தான். பிளஸ் வந்தால், அணுக்கருவைக் கட்டி வைத்திருக்கும் விசையை விளக்க அன்றைக்கு மிச்சமிருந்த கடைசிக் கதவும் சாத்தப்பட்டுவிடும். மைனஸ் வந்தால் கதையே வேறு.

மைனஸ்தான் வந்தது. 31 வருடம் கழித்து, 2004-இல், அந்த மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. டேவிட் கிராஸ், ஃபிராங்க் வில்செக், டேவிட் பொலிட்சர்.

என்னை இழுத்தது இந்தப் பரிசுக் கதை இல்லை. அதே மைனஸ் குறி, அதற்கு முந்தைய எட்டு வருடங்களில் மூன்று தடவை வேறு வேறு ஆட்கள் கையில் வந்து விழுந்திருக்கிறது. யாரும் அதை உரிய கணக்கில் வரவு வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை, எப்படித்தான் வைத்தார்கள் என்பதுதான் இந்தப் பதிவு.

பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கொல்கத்தாவில் சால்ட் லேக் பக்கம் ஒரு கிளையில் இருக்கிறேன். இந்தப் பகுதியில் ஆராய்ச்சி நிலையங்கள் அதிகம், அதனால் ஓய்வு பெற்ற விஞ்ஞானிகளும் அதிகம். நவம்பர் வந்தால் உயிரோடிருப்பதற்கான சான்றிதழ் கொடுக்கப் பென்ஷன்காரர்கள் வரிசை கட்டுவார்கள். அப்படி வந்த பெரியவர் ஒருவர், சர்வர் படுத்துக்கொண்ட ஒரு மதியம், என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அவ்வளவு தீவிரமாக என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் கிடக்கும் பழைய என்ட்ரி சார், யாருடைய பணம் என்று தெரியவில்லை என்றேன். சிரித்துவிட்டு, "எங்கள் தொழிலிலும் அது உண்டு மானேஜர்பாபு" என்று ஆரம்பித்தவர், சர்வர் எழுந்திருக்கும் வரை நிறுத்தவில்லை. அன்றிலிருந்து இரண்டு வருடமாகக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

வங்கித் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பணம் வந்திருக்கும், தொகை சரியாக இருக்கும், ஆனால் யார் கணக்கில் வைப்பது என்று தெரியாது. அந்த மாதிரி என்ட்ரிகளைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கும் இடம்தான் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே போவோம்.

அணுவுக்கு நடுவில் கரு இருக்கிறது என்று ரூதர்ஃபோர்டு சொன்னது 1911-இல். 1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். ஆக, கருவுக்குள் இருப்பவை புரோட்டான்களும் நியூட்ரான்களும். இங்கேதான் சிக்கல். புரோட்டான்கள் எல்லாமே பிளஸ் மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று மூர்க்கமாகத் தள்ளும். இரும்பின் கருவில் 26 புரோட்டான்கள் சின்னஞ்சிறு இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. மின்விசையை மீறி அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் இன்னொரு விசை இருந்தே ஆக வேண்டும். அது வலுவாகவும் இருக்க வேண்டும், கருவை விட்டுக் கொஞ்சம் விலகினாலே மறைந்தும் போக வேண்டும்.

1935-இல் ஜப்பானின் யுகாவா இதற்கு ஒரு வழி சொன்னார். எலக்ட்ரானைப் போல் சுமார் 200 மடங்கு நிறையுள்ள ஒரு துகளைப் புரோட்டான்களும் நியூட்ரான்களும் பரிமாறிக்கொள்கின்றன, அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் விசை என்றார். அந்தத் துகளைத் தேடியவர்களில் இந்த ஊர்க்காரர்கள் இருவர் உண்டு. போஸ் இன்ஸ்டிட்யூட்டின் டி.எம். போஸ், அவருடைய மாணவி பிபா சௌத்ரி. டார்ஜீலிங்கிலும் அதைவிட உயரமான சந்தக்ஃபூவிலும் புகைப்படத் தகடுகளை வைத்து, வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களின் தடங்களைப் பிடித்தார்கள். எலக்ட்ரானைப் போல் இருநூறு மடங்கை ஒட்டிய நிறையுள்ள துகள்களின் தடங்கள் கிடைத்தன. 1940-ஐ ஒட்டிய வருடங்களில் நேச்சர் இதழில் கட்டுரைகள் வெளிவந்தன. ஆனால் இன்னும் நுட்பமான தகடுகள் வேண்டும், உலகப்போர் சமயத்தில் அவை கிடைக்கவில்லை. வேலை நின்றுபோனது. போருக்குப் பிறகு பிரிஸ்டலில் பவலின் குழு அதே முறையில், மேம்பட்ட தகடுகளை வைத்து, 1947-இல் யுகாவாவின் பையானைப் பிடித்தது. 1950-இல் பவலுக்கு நோபல். பிபா சௌத்ரி 1991-இல் இதே கொல்கத்தாவில் காலமானார். 2019-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் ஒரு நட்சத்திரத்துக்கு 'பிபா' என்று பெயர் வைத்தது. ஆச்சார்யா பிரஃபுல்ல சந்திர சாலையில் போஸ் இன்ஸ்டிட்யூட்டைக் கடந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் அந்தக் கட்டடத்தை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பதுண்டு.

பையான் கிடைத்ததும் கணக்கு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முடியவில்லை. 1950களில் முடுக்கிகள் வந்தன, புதிது புதிதாகத் துகள்கள் கொட்டின. டஜன் கணக்கில். எல்லாமே அடிப்படைத் துகள் என்றால் அடிப்படை என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? 1961-இல் அமெரிக்காவில் முர்ரே கெல்-மானும் லண்டனில் யுவால் நேமானும் இவற்றை எட்டெட்டாக, பத்துப் பத்தாகப் பட்டியல் போட்டார்கள். (நேமான் அப்போது லண்டனில் இஸ்ரேல் தூதரகத்தின் ராணுவ அதிகாரி. வேலைக்கு நடுவே அப்துஸ் சலாமிடம் ஆராய்ச்சி மாணவர். நமக்குச் சாயங்காலம் ஒரு தவணைக்கணக்கு சரிபார்க்கவே நேரமில்லை.) பட்டியலில் ஒரு இடம் காலியாக இருந்தது. அங்கே வர வேண்டிய துகள் ஒமேகா மைனஸ், 1964-இல் புரூக்ஹேவனில் வந்து உட்கார்ந்தது.

அதே 1964-இல் கெல்-மான், இந்தத் துகள்கள் எல்லாம் இன்னும் சிறிய மூன்று வகைத் துகள்களால் ஆனவை என்று வைத்துக்கொண்டால் பட்டியல் தானாக வரும் என்று இரண்டு பக்கக் கட்டுரை எழுதினார். அந்தச் சிறு துகளுக்குக் குவார்க் என்று பெயர் வைத்தார். புரோட்டான் என்றால் மூன்று குவார்க்குகள். ஜெனீவாவில் ஜார்ஜ் ஸ்வைக் என்ற இளைஞர் தனியாக இதையே யோசித்து நீளமாக எழுதியிருந்தார். அது ஆய்வு நிலையத்தின் உள் அறிக்கையாகவே தங்கிவிட்டது, பத்திரிகையில் வரவில்லை. கெல்-மானுக்கு 1969-இல் நோபல் கிடைத்தது. ஸ்வைக் பிறகு நரம்பியல் பக்கம் போய், கடைசியில் ரினைசன்ஸ் டெக்னாலஜிஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கடைசியில் எல்லோரும் நம்ம தொழிலுக்குத்தான் வருகிறார்கள் :-)

இப்போது டேலி ஆகாத கணக்குக்கு வருவோம்.

1950களின் தொடக்கத்தில் சிகாகோவில் ஃபெர்மியின் குழு பார்த்த ஒரு துகள் உண்டு. டெல்டா பிளஸ் பிளஸ். குவார்க் கணக்குப்படி அதில் மூன்று குவார்க்குகளும் ஒரே வகை, ஒரே நிலை, சுழற்சியும் ஒரே திசை. ஒமேகா மைனஸும் அப்படித்தான். இயற்பியலில் பௌலி விதி என்று ஒன்று இருக்கிறது. குவார்க், எலக்ட்ரான் மாதிரியான துகள்களில் எந்த இரண்டும் அச்சாக ஒரே நிலையில் இருக்க முடியாது. ஒரே லாக்கர் நம்பரை மூன்று பேருக்குக் கொடுக்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே மூன்று பேர் ஒரே லாக்கரில் இருக்கிறார்கள். ஒன்று பௌலி விதி தப்பு, அல்லது குவார்க்கே கட்டுக்கதை, அல்லது நம் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு அடையாளம் அந்த மூன்றையும் பிரித்துக் காட்டுகிறது.

மூன்றாவதுதான் சரி என்று அதே 1964-இல் ஆஸ்கார் கிரீன்பெர்க் எழுதினார். அதை ஓப்பன்ஹைமரிடம் கொடுத்தபோது, அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை என்ற மாதிரி பதில் வந்ததாம். அடுத்த வருடம் ஹானும் நாம்புவும் அதே எண்ணத்தை வேறு வடிவத்தில் எழுதினார்கள். பின்னால் அந்த அடையாளத்துக்கு 'நிறம்' என்று பெயர் வந்தது. சிவப்பு, பச்சை, நீலம். கண்ணால் பார்க்கும் நிறத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, லெட்ஜரில் போடும் ஒரு அடையாளக் குறி, அவ்வளவுதான். ஒவ்வொரு குவார்க்கும் மூன்று நிறங்களில் வரும். டெல்டாவில் இருப்பவை சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, நீலம் ஒன்று. லாக்கர் பிரச்சினை தீர்ந்தது.

ஆடிட்டர் இதை ஒப்புக்கொள்வாரா? வித்தியாசம் வருகிறது என்பதற்காகப் புதிதாக ஒரு தலைப்பைத் திறந்து டேலி பண்ணினால், அது திருத்தமா, மோசடியா? எனக்கு முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் வேறு இரண்டு கணக்குகளிலும் இதே மூன்று வந்து நின்றது. நடுநிலைப் பையான் இரண்டு ஒளித்துகளாகச் சிதையும் வேகத்தை நிறம் இல்லாமல் கணக்கிட்டால், உண்மையில் நடப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் வருகிறது. மூன்று நிறம் சேர்த்தால் மூன்றின் வர்க்கம் ஒன்பது, சரியாகப் பொருந்துகிறது. இன்னொன்று நாமே போட்டுப் பார்க்கலாம். எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளும் மோதினால் சில சமயம் மியூவான் ஜோடி வரும், சில சமயம் குவார்க் ஜோடி வரும். இரண்டுக்கும் உள்ள விகிதம், குவார்க்குகளின் மின்னூட்டத்தை வர்க்கம் செய்து கூட்டினால் கிடைக்கும். அன்றைக்குத் தெரிந்த மூன்று வகைகளின் மின்னூட்டம் 2/3, -1/3, -1/3. வர்க்கம் 4/9, 1/9, 1/9. கூட்டினால் 2/3. நிறத்துக்காக மூன்றால் பெருக்கினால் 2. அளந்தபோது கிடைத்தது 2-ஐ ஒட்டிய எண்தான், 2/3 அல்ல. தனித்தனியான மூன்று வவுச்சர்களில் ஒரே தொகை என்றால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடுவார்.

இதற்கிடையில் கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு முடுக்கி நிலையத்தில், சுமார் மூன்று கிலோமீட்டர் நீளமான குழாயில் எலக்ட்ரான்களை ஓடவிட்டுப் புரோட்டான் மேல் மோதிப் பார்த்தார்கள். 1967-க்குப் பிறகு ஃப்ரீட்மேன், கெண்டல், டெய்லர் தலைமையில் நடந்த சோதனைகள். புரோட்டான் மெத்தென்ற பஞ்சு உருண்டையாக இருந்தால் எலக்ட்ரான்கள் லேசாகத்தான் விலக வேண்டும். சில எலக்ட்ரான்கள் கடுமையாகச் சிதறின. உள்ளே புள்ளி புள்ளியாகக் கெட்டியான ஏதோ இருக்கிறது. பியோர்கென் இதற்குக் கணித ஒழுங்கு ஒன்றைச் சொன்னார், ஃபைன்மான் எளிய படம் ஒன்றைக் கொடுத்தார்.

நல்ல சேதி போலத் தெரியும். உண்மையில் இது பெரிய குழப்பம். எந்தச் சோதனையிலும் ஒரு குவார்க்கைத் தனியாக வெளியே எடுக்க முடியவில்லை. அப்படியானால் அவற்றைக் கட்டி வைத்திருக்கும் விசை அசுரத்தனமானது. ஆனால் ஓங்கி அடித்து, மிக நெருக்கத்தில் பார்த்தால், அவை ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் சுதந்திரமாக உலாவுகின்றன. அதுவரை தெரிந்த எல்லா விசைகளும் நெருங்க நெருங்க வலுக்கும், விலக விலகக் குறையும். இங்கே எல்லாம் தலைகீழ். நெருங்கினால் சும்மா விடுகிறது, விலகப் பார்த்தால் பிடித்து இழுக்கிறது.

அந்தக் காலத்தில் புலக் கோட்பாடு என்ற கணித முறைக்கே பேர் கெட்டுப்போயிருந்தது. மின்காந்தத்தில் அது பிரமாதமாக வேலை செய்தது. ஆனால் ரஷ்யாவில் லாந்தாவும் அவருடைய சகாக்களும், மிக நெருக்கத்தில் அந்த முறை தன்னைத்தானே கவிழ்த்துக்கொள்ளும் என்று காட்டியிருந்தார்கள். வலுவான விசைக்கு அது உதவாது என்பது 1960களில் பெரும்பாலோர் கருத்து.

காரணத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் மைனஸ் குறி இங்கேதான் ஒளிந்திருக்கிறது. வெற்றிடம் உண்மையில் வெறுமையாக இல்லை. கண நேரத்துக்குத் துகளும் எதிர்த்துகளும் ஜோடியாகத் தோன்றி மறையும். ஒரு எலக்ட்ரானை அங்கே வைத்தால், தோன்றும் ஜோடிகளில் பிளஸ் பக்கம் அதை நோக்கிச் சாயும். எலக்ட்ரானைச் சுற்றி ஒரு திரை விழுந்துவிடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் மின்னூட்டம் குறைவாகத் தெரியும். திரையைக் கிழித்துக்கொண்டு கிட்டே போனால் அதிகமாகத் தெரியும். மின்விசையின் வலிமையைக் குறிக்கும் எண் தூரத்திலிருந்து பார்த்தால் 1/137, மிக நெருங்கி உயர்ந்த ஆற்றலில் அளந்தால் சுமார் 1/128. மெதுவாக ஏறுகிறது. இந்த ஏற்றம்தான் பிளஸ் குறி. எல்லாக் கோட்பாட்டுக்கும் பிளஸ்தான் வரும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. பொது அறிவுக்கும் அதுதான் சரியாகப் படுகிறது, திரை என்றால் மறைக்கத்தானே செய்யும்?

மின்விசையில் சேதி கொண்டுபோவது ஒளித்துகள். அது தபால்காரர் மாதிரி. கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடும், அதற்கென்று மின்னூட்டம் கிடையாது. ஆனால் 1954-இல் யாங், மில்ஸ் இருவரும் எழுதிய வேறு வகைக் கோட்பாட்டில் தூது போகும் துகளுக்கே அந்தச் சரக்கில் பங்கு உண்டு. நிறத்துக்கு அதைப் பொருத்தினால் எட்டுத் தூதுவர்கள் வருவார்கள். பெயர் குளூவான், பசை என்ற அர்த்தத்தில். ஒவ்வொரு குளூவானும் தானே நிறம் சுமக்கிறது. குவார்க்கின் நிறம் ஒரே புள்ளியில் நிற்காமல் குளூவான் மேகமாகச் சுற்றிலும் பரவிவிடுகிறது. கிட்டே போகப் போக அந்த மேகத்தின் பெரும்பகுதி நமக்கு வெளியே நின்றுவிடும், உள்ளே மிஞ்சியிருக்கும் நிறம் குறைவு. திரைக்கு நேர் எதிரான வேலை.

இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. குவார்க் ஜோடிகள் திரை போடுகின்றன, குளூவான்கள் அதை எதிர்க்கின்றன. எது ஜெயிக்கிறது என்பதுதான் கணக்கு. அதன் விடையைப் பார்த்தபோது நான் அசந்துபோனேன், அத்தனை எளிமை. குளூவான் பக்கம் 11. குவார்க் பக்கம் ஒரு வகைக்கு 2/3. இன்று தெரிந்த குவார்க் வகைகள் ஆறு, ஆகவே 4. பதினொன்றில் நான்கு போனால் ஏழு, குளூவான் பக்கம் ஜெயம். விசை நெருக்கத்தில் தளர்கிறது, அதுதான் மைனஸ் குறி. 16 வகைக் குவார்க் வரை தாங்கும், 17 இருந்திருந்தால் குறி மாறியிருக்கும்.

இந்தக் குறியை முதலில் பார்த்தது யார்? 1965-இல் சோவியத் யூனியனில் வன்யாஷின், தெரென்தியேவ் என்ற இருவர், மின்னூட்டம் சுமக்கும் ஒரு வகைத் துகளுக்கு இதே மாதிரி கணக்குப் போட்டபோது எதிர்க்குறி வந்தது. கோட்பாட்டில் ஏதோ கோளாறு என்பதற்கான அறிகுறியாகவே அதை எடுத்துக்கொண்டார்கள். 1969-இல் நோவோசிபிர்ஸ்க்கைச் சேர்ந்த கிரிப்லோவிச், யாங்-மில்ஸ் கோட்பாட்டுக்கே தெளிவாகப் போட்டுச் சரியான குறியைக் கண்டார். ரஷ்யப் பத்திரிகையில் வெளிவந்தது. அதை ஸ்டான்ஃபோர்டு சோதனைகளோடு யாரும் முடிச்சுப் போடவில்லை.

மூன்றாவது ஆள் ஜெரார்டு 'ட் ஹூஃப்ட் என்ற டச்சு இளைஞர். இந்த வகைக் கோட்பாடுகளில் உருப்படியாகக் கணக்குப் போட முடியும் என்று 1971-இல் நிறுவியவரே அவர்தான். 1972 ஜூனில் பிரான்சின் மார்செய் நகரில் ஒரு சின்னக் கூட்டம். குர்ட் சிமான்சிக் என்ற ஜெர்மானியர் பேசினார். ஸ்டான்ஃபோர்டு முடிவுகளை விளக்க இந்தக் குறி மைனஸாக இருக்க வேண்டும், ஆனால் அப்படி ஒரு கோட்பாடு கிடைக்கவில்லையே என்பது அவருடைய ஆதங்கம். ஹூஃப்ட் எழுந்து, யாங்-மில்ஸ் கோட்பாட்டில் அது மைனஸ்தான், நான் போட்டுப் பார்த்திருக்கிறேன் என்றார். உண்மையானால் உடனே எழுதி வெளியிடுங்கள், இல்லாவிட்டால் வேறு யாராவது செய்துவிடுவார்கள் என்று சிமான்சிக் சொல்லியும் ஹூஃப்ட் எழுதவில்லை. அவருக்கு வேறு வேலை இருந்தது.

பணத்தை வைத்திருந்தவரும் அதைத் தேடிக்கொண்டிருந்தவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அப்படியும் என்ட்ரி இன்னும் ஒரு வருடம் சஸ்பென்ஸிலேயே கிடந்தது. பெரியவர் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை, பிறகு படித்துத்தான் உறுதி செய்துகொண்டேன்.

இனி 1973. பிரின்ஸ்டனில் டேவிட் கிராஸுக்கு 32 வயது. அவர் கிளம்பியது எதையும் கண்டுபிடிக்க அல்ல, புலக் கோட்பாட்டுக்குக் கருமாதி செய்து முடிக்கத்தான். ஸ்டான்ஃபோர்டு முடிவுகளை விளக்க வேண்டுமானால் விசை நெருக்கத்தில் தளர வேண்டும், எந்தப் புலக் கோட்பாட்டிலும் அது நடக்காது என்று ஒவ்வொன்றாக நிரூபித்துக்கொண்டே வந்தார். கடைசியாக மிஞ்சியது யாங்-மில்ஸ். அதையும் முடித்துவிடுவோம் என்று 21 வயது மாணவர் வில்செக்கைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஹார்வர்டில் 23 வயது பொலிட்சருக்கு வேறு ஏதோ ஆராய்ச்சிக்காக அதே கணக்கு தேவைப்பட்டது. இதை யாராவது போட்டிருக்கிறார்களா என்று தன் வழிகாட்டி சிட்னி கோல்மனைக் கேட்டார். இல்லை என்றார் கோல்மன். பொலிட்சர் போட்டார், மைனஸ் வந்தது. கோல்மன் அப்போது பிரின்ஸ்டனில் இருந்தார். போனில் சொன்னபோது, நீ எங்கோ தவறியிருக்கிறாய், இங்கே கிராஸும் மாணவரும் அதையே போட்டிருக்கிறார்கள், பிளஸ் வந்திருக்கிறது என்றார். தனியாள் மாணவனைவிட அனுபவசாலி இருக்கும் இருவர் அணியை நம்புவது இயல்புதானே. பொலிட்சர் மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தார். ஒரு வாரம் போல கழித்துப் போன் செய்து, தப்பு எதுவும் தெரியவில்லை என்றார். தெரியும், பிரின்ஸ்டன் காரர்கள் தங்கள் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தி, கட்டுரையும் அனுப்பிவிட்டார்கள் என்று பதில் வந்தது.

கிராஸ், வில்செக் கட்டுரை பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் 27. பொலிட்சருடையது மே 3. ஜூன் 25, 1973 தேதியிட்ட ஃபிசிகல் ரெவ்யூ லெட்டர்ஸ் இதழில் இரண்டும் அடுத்தடுத்து வெளிவந்தன. பிரின்ஸ்டன் கட்டுரை குறியைச் சொன்னதோடு, ஸ்டான்ஃபோர்டில் பார்த்தது இதைத்தான் என்று கணக்கையும் சோதனையையும் முடிச்சுப் போட்டது. முந்தைய மூன்று தடவையும் நடக்காமல் போனது இந்த முடிச்சு.

அதே வருடம் கெல்-மான், ஹரால்டு ஃபிரிட்ஷ், லாய்ட்வைலர் மூவரும் நிறமும் எட்டு குளூவான்களும் கொண்ட முழுக் கோட்பாட்டை எழுதி வைத்தார்கள். கெல்-மான் வைத்த பெயர் குவாண்டம் குரோமோடைனமிக்ஸ், குரோமோ என்றால் கிரேக்கத்தில் நிறம். ஃபிரிட்ஷ் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. கிழக்கு ஜெர்மனிக்காரர். 1968-இல் நண்பர் ஒருவரோடு பல்கேரியாவிலிருந்து மோட்டார் பொருத்திய மடக்குப் படகில் கருங்கடல் வழியாகத் துருக்கிக்குத் தப்பியவர். அதற்கு ஐந்து வருடத்துக்குள் இந்தக் கட்டுரை.

அதற்குப் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 1974 நவம்பர் 11 அன்று புரூக்ஹேவனில் டிங் குழுவும் ஸ்டான்ஃபோர்டில் ரிக்டர் குழுவும் ஒரே புதிய துகளை அறிவித்தன. நான்காவது வகைக் குவார்க்கும் அதன் எதிர்த்துகளும் சேர்ந்த ஜோடி. அதன் ஆயுள் எதிர்பாராத அளவு நீளமாக இருந்ததைப் புதிய கோட்பாட்டால் விளக்க முடிந்தது. 1979-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் குளூவானின் தடயம் கிடைத்தது. இரண்டு திசையில் பீய்ச்சியடிக்க வேண்டிய துகள்கள் மூன்று திசையில் பீய்ச்சியடித்தன. மூன்றாவது பீய்ச்சல் குளூவானுடையது.

விலகும்போது என்ன ஆகிறது என்பதற்கும் ஒரு எண் உண்டு. ஒரு குவார்க்கை ஜோடியிடமிருந்து பிரித்து இழுத்தால், தூரம் கூடினாலும் இழுவிசை குறையாது. கிட்டத்தட்ட 15 டன் எடை அளவுக்கு அப்படியே நிற்கும். லோடு ஏற்றிய லாரியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி, ஒரு அணுவின் கருவைவிடச் சிறிய துகள் மேல். அதற்கு மேல் இழுத்தால் செலவழித்த ஆற்றலே புதுக் குவார்க் ஜோடியாக மாறி ஒட்டிக்கொள்ளும். ஆகவே தனிக் குவார்க் ஒருபோதும் கைக்கு வராது. கணினி மூலமாக இது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் கோட்பாட்டின் அடிப்படையிலிருந்து கணித ரீதியாக இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. இதோடு ஒட்டிய ஒரு கணிதப் புதிருக்கு அமெரிக்காவின் கிளே நிறுவனம் 2000-இல் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. புரோட்டானின் நிறையை ஆற்றல் அலகில் சொன்னால் 938. உள்ளே இருக்கும் மூன்று குவார்க்குகளின் சொந்த நிறையைக் கூட்டினால் சுமார் 9. நூற்றுக்கு ஒன்று. மீதி 99 சதவீதம் குவார்க்குகள் ஓடும் ஓட்டமும் குளூவான்களின் ஆற்றலும்தான். 2008-இல் ஐரோப்பியக் குழு ஒன்று இந்தக் கோட்பாட்டை வைத்தே கணினியில் புரோட்டானின் நிறையைச் சில சதவீதப் பிழைக்குள் கணக்கிட்டுக் காட்டியது. என் எழுபத்தெட்டுக் கிலோவில் 77 கிலோ இந்த விசையின் கைங்கரியம் என்று வீட்டில் சொன்னேன். மீதி ஒரு கிலோ ரசகுல்லாவா என்று கேட்டாள் மனைவி.

2004-க்கு வருகிறேன். நோபல் விதிப்படி ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பிரிக்க முடியாது. ஹூஃப்ட் 1999-லேயே தன் 1971 வேலைக்காகப் பரிசு வாங்கிவிட்டார், இந்த விஷயத்தில் அவர் பெரிதாகக் குறைப்பட்டுக்கொண்டதாகவும் தெரியவில்லை. சிமான்சிக் 1983-லேயே இறந்துவிட்டார். வண்ணம் என்ற எண்ணத்தைத் தொடங்கிவைத்தவர்களில் நாம்புவுக்கு 2008-இல் வேறு ஒரு வேலைக்காக நோபல் கிடைத்தது, கிரீன்பெர்க்குக்குக் கிடைக்கவில்லை. கிரிப்லோவிச்சுக்கும், வன்யாஷின், தெரென்தியேவ் இருவருக்கும் பரிசில் இடமில்லை.

ஸ்டாக்ஹோமில் பரிசு பெறுகிறவர்கள் உரை நிகழ்த்த வேண்டும். வழக்கமாகத் தங்கள் கண்டுபிடிப்பை விளக்குவார்கள். பொலிட்சர் எடுத்துக்கொண்ட தலைப்பைத் தமிழில் சொன்னால், 'யார் பேரில் வரவு வைப்பது என்ற சங்கடம்' என்கிற மாதிரி வரும். விஞ்ஞானிகள் பிற்பாடு எழுதும் நேர்த்தியான வரலாறுகளை அப்படியே நம்பாதீர்கள் என்று தொடங்கி, கோல்மனோடு நடந்த அந்த இரண்டு போன் உரையாடல்களையும் அந்த மேடையில் அவர்தான் சொன்னார்.